சருகுமான் சௌந்தரத்துக்கு நெட் வராத கதை

ஒரு காட்டில் எல்லாம் இருந்தது. மலை இருந்தது, ஓடை இருந்தது, ஆலமரப் பொந்துக்குள் ஒரு வைஃபை ரௌட்டரும் இருந்தது. நரி மட்டும் இல்லை. நரி வேண்டும் என்பவர்கள் வேறு கதைக்குப் போகலாம், இங்கே நரி செய்ய வேண்டிய அக்கிரமத்தையெல்லாம் லேப்டாப்பே செய்துவிடும்.

அந்தக் காட்டுக்கு ராஜா ஒரு சிங்கம். அவருக்கு ஒருநாள் ஒரு சந்தேகம் வந்தது. நம் காட்டில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? சரி, எண்ணிப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினார். அவரைக் கண்டதும் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். ஓடாமல் நின்றவர்களை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பசி வந்துவிட்டது. எண்ண எண்ணக் கணக்கு குறைந்துகொண்டே போகவே, இது சரிப்படாது என்று விட்டுவிட்டார்.

பிறகுதான் அந்தப் புதிய சட்டம் வந்தது. எல்லாருக்கும் இனாமாக ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மிருகமும் அந்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, முகத்தைக் காட்டி, இரண்டு கண்ணையும் சிமிட்டி, "உள்ளேன் மகாராஜா" என்று சொல்ல வேண்டும். சிங்கத்தின் குகையில் ஒரு பெட்டி இருந்தது. அது முகத்தைப் பார்த்துக் கணக்கு வைத்துக்கொள்ளும். கடைசித் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்குள் முகம் காட்டாதவர் காலமானவர். அவர் எதிரே நின்று தும்மினாலும் காலமானவர்தான். காலமானவர்களைக் கழுதைப்புலிகள் எடுத்துக்கொள்ளலாம். அது காலங்காலமாக இருக்கிற வழக்கம், ராஜாவும் அதில் கை வைக்கவில்லை.

முகம் காட்ட ஒரு மாதம் அவகாசம் இருந்தது. அப்படியானால் முதல் நாளே காட்டிவிட்டு நிம்மதியாகப் புல் மேயலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அது வேறு காடு. இந்தக் காட்டில் கடைசி நாளுக்கு முன்னால் எந்த வேலையையும் யாரும் செய்ததாகச் சரித்திரமே இல்லை. இடையில் ஆயுதபூஜை வேறு வந்தது. பூஜை போட்டுவிட்டுச் செய்யலாம் என்று இருந்துவிட்டார்கள்.

ஆகக் கடைசி நாள் காலையில்தான் சருகுமான் சௌந்தரமும் தன் லேப்டாப்பைத் திறந்தாள். சருகுமான் என்றால் முயல் அளவுக்கு இருக்கும் சின்ன மான். கொம்பு கிடையாது, கோபம் கிடையாது, யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழக்கமும் கிடையாது. லேப்டாப்பைத் திறந்ததும் முதலில் சிங்கராஜாவின் சிரித்த முகம் வந்தது. அது போனதும் மூலையில் வைஃபை படம் வந்தது. அதன் தலையில் ஒரு மஞ்சள் முக்கோணம். கீழே எழுத்து: "இணைப்பு உண்டு. இணையம் இல்லை."

இதை எழுதியவருக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். சௌந்தரத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். புதருக்கு வெளியே கொண்டுவந்து வெயிலில் வைத்துப் பார்த்தாள். முக்கோணம் போகவில்லை. தலை நிமிர்ந்தால் வாசலில் கழுதைப்புலி தாமோதரன் நிற்கிறார். கழுத்தில் துண்டு, கையில் ஒரு தலைவாழை இலை.

"என்ன தங்கச்சி, முகம் காட்டியாச்சா?" என்றார் மரியாதையாக.

"இன்னும் இல்லண்ணே. நெட்டு வரல."

"அப்படியா, அடடா!" என்று தாமோதரன் உச்சுக்கொட்டினார். "பதட்டப்படாதே. பன்னெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன். என்னால உனக்கு ஒரு தொந்தரவும் வராது. பன்னெண்டு வரைக்கும்."

தாமோதரனைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மிருகம். உயிரோடு இருக்கிறவர்களை நாக்கால்கூடத் தொடமாட்டார். காலையிலிருந்து அந்தப் புதர் வாசலிலேயே உட்கார்ந்து, இலையை விரித்து, தண்ணீர் தெளித்து, கையால் வழித்து, மறுபடியும் தெளித்துக்கொண்டிருந்தாரே தவிர, ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. சௌந்தரத்துக்கோ அந்த இலையைப் பார்க்கப் பார்க்க பயமாக இருந்தது. அழுகையாக வந்தது. "யாராச்சும் வாங்களேன்!" என்று கத்தினாள்.

நெட் வரவில்லை என்று ஒருவர் கத்தினால் உதவிக்கு ஆள் வராத காடு உலகத்தில் இல்லை. வழி தெரியவில்லை என்றால் வரமாட்டார்கள், பசிக்கிறது என்றால் வரவே மாட்டார்கள். நெட் வரவில்லை என்றால் போதும், கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

முதலில் வந்தவர் பக்கத்துக் குகைக் கரடி பொன்னுசாமி. அவருக்கு உலகத்தில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் தெரியும்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்றார்.

"எதையண்ணே?"

"எதுவா இருந்தா என்ன? ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாகாத பொருளே கிடையாது. நான் வருஷா வருஷம் பனி மாசத்துல தூங்கி எந்திரிக்கறேனே, எதுக்குன்னு நெனச்சே?"

சௌந்தரம் லேப்டாப்பை அணைத்தாள். அது அணையவில்லை. திரை முழுக்க நீலமாகி, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. "அப்டேட் ஆகிறது. தயவுசெய்து அணைக்க வேண்டாம்."

"இப்பத்தான் இதுக்கு அப்டேட்டா?" என்று சௌந்தரம் கதறினாள்.

"நல்லதுதானே" என்றார் பொன்னுசாமி. வட்டம் சுற்றியது. பொன்னுசாமியின் தலையும் அதோடு சேர்ந்து சுற்றியது. தாமோதரன் இலைக்கு இன்னொரு கை தண்ணீர் தெளித்தார்.

வட்டம் நின்று, சிங்கராஜா மறுபடி சிரித்து, திரை வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. மஞ்சள் முக்கோணம் அங்கேயே இருந்தது. அப்டேட் ஆனதில் முன்னைவிடக் கொஞ்சம் அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவதாக மந்தி வனஜா மரத்திலிருந்து குதித்தாள். வனஜா ஊருக்குள் போய்க் கம்ப்யூட்டர் கற்றவள். அதாவது, ஒரு கம்ப்யூட்டர் சென்டர் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு, உள்ளே இருந்தவர்களின் பிஸ்கட்டைத் திருடித் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தவள். அந்தப் படிப்பு போதாதா?

"தள்ளுங்க, தள்ளுங்க. இதெல்லாம் ஒண்ணுமே இல்லக்கா" என்று லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். பத்து விரலாலும் தட்டினாள். நேரம் போதாதென்று வாலாலும் தட்டினாள். ஏரோப்ளேன் மோடு என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டாள், எடுத்தாள், போட்டாள்.

"ஏரோப்ளேன்ல போறவங்களுக்குத்தானே அது?" என்றார் பொன்னுசாமி.

"அதான் எடுத்துட்டேன்ல! இப்ப பாருங்க, வைஃபை பேரு மேல அழுத்துறேன். 'இந்த நெட்வொர்க்கை மறந்துவிடவா?'ன்னு கேக்குது. ஆமான்னு குடுத்தாச்சு."

"ஏன் மறக்கச் சொன்னே?" என்றாள் சௌந்தரம்.

"மறந்தாத்தானேக்கா மறுபடியும் புதுசா ஞாபகம் வெச்சுக்கும்."

மறந்துவிட்டது. சுத்தமாக மறந்துவிட்டது. இப்போது அது பாஸ்வேர்ட் கேட்டது. பாஸ்வேர்ட் வைத்தவர் சிங்கராஜா. ராஜாக்கள் வைக்கிற பாஸ்வேர்ட் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? "மாமன்னர்வாழ்கவாழ்கஅவர்பிடரிவாழ்க" என்று போகும், நடுவில் எங்கோ ஒரு புள்ளி உண்டு. காட்டில் எல்லாருக்கும் அது மனப்பாடம், கோஷம் போட்டுப் பழக்கம். ஆனால் தட்ட வேண்டியவள் சௌந்தரம். அவளுக்கு இருப்பது பிளவுபட்ட குளம்பு. ஓர் எழுத்தைத் தட்டினால் பக்கத்து எழுத்தும் கூடவே விழும். "மாமன்னர்" என்று தட்டினால் திரையில் ராஜாவைப் பற்றி என்னென்னவோ வந்தது. வனஜா படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் வனஜாவே தட்டினாள். உள்ளே போனது. "இணைப்பு உண்டு. இணையம் இல்லை."

"ஞாபகம் வந்துருச்சு பாத்தீங்களா!" என்றாள் வனஜா பெருமையாக.

"தங்கச்சி" என்று தாமோதரன் ஓரத்திலிருந்து மெல்லக் கேட்டார், "உனக்குக் காரம் ஒத்துக்குமா? இல்ல, சும்மாதான் கேட்டேன். நீ உன் வேலையைப் பாரு."

இனிக் கஸ்டமர் கேர்தான் என்று முடிவானது. அந்தக் காட்டில் கஸ்டமர் கேர் என்பது இலவமரத்து உச்சியில் இருந்த ஒரு மைனா. கீழே நின்று கூப்பிட வேண்டும். சௌந்தரம் கூப்பிட்டாள்.

"வணக்கம்" என்றது மைனா, கண்ணை மூடிக்கொண்டே. "தமிழுக்கு மரத்தை ஒருமுறை தட்டவும். தெலுங்குக்கு இரண்டுமுறை தட்டவும். கன்னடத்துக்கு மூன்றுமுறை தட்டவும். மலையாளத்துக்கு நான்குமுறை தட்டவும்."

சௌந்தரம் முன்னங்காலால் ஒருமுறை தட்டினாள். நல்ல நேரம் பார்த்து மேல்கிளையில் ஒரு மரங்கொத்தி தன் காலை ஆகாரத்தைத் தேட ஆரம்பித்தது. டொக், டொக், டொக். மைனா மலையாளத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கியது. முழு விளக்கமும் முடிகிறவரை நிறுத்தாது, அதன் பழக்கம் அப்படி. மறுபடி தட்டினார்கள், மறுபடி மரங்கொத்தி சேர்ந்துகொண்டது. ஒரு கட்டத்தில் மரங்கொத்தி அடித்த அடியில் யாருக்கோ புதிய இணைப்புக்கு விண்ணப்பமே பதிவாகிவிட்டது. வனஜா மேலே ஏறி மரங்கொத்தியின் அலகைக் கையால் பிடித்துக்கொண்ட பிறகுதான் மைனா கண்ணைத் திறந்தது.

"சொல்லுங்க மேடம்."

"எனக்கு நெட்டு வரலம்மா. இன்னைக்குக் கடைசித் தேதி. பன்னெண்டு மணிக்குள்ள நான் உயிரோட இருக்கறதைக் காட்டணும்."

"நீங்க உயிரோட இருக்கறது எனக்குத் தெரியுது மேடம். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அதை ராஜாவோட பெட்டிகிட்ட சொல்லேன்!"

"அந்த வசதி எங்ககிட்ட இல்ல மேடம். லேப்டாப்பை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

"நான் சொன்னேனா இல்லையா?" என்றார் பொன்னுசாமி.

"பண்ணியாச்சும்மா. நெட்வொர்க்கை மறக்க வெச்சாச்சு, ஞாபகப்படுத்தியாச்சு, ஏரோப்ளேன்ல ஏத்தி இறக்கியாச்சு."

"ரௌட்டரைப் பாத்தீங்களா மேடம்?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதைத்தான் யாரும் பார்க்கவில்லை. ஓடினார்கள் ஆலமரத்துக்கு. தாமோதரனும் இலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினார். கண் மறைவில் விட்டால் சாப்பாடு ஆறிப்போகும் என்கிற கவலை அவருக்கு.

பொந்துக்குள் ரௌட்டர் இருந்தது. அதாவது, ரௌட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்தனக் கட்டி இருந்தது. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை காட்டிலுள்ள ஒவ்வொரு மிருகமும் வந்து சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துவிட்டுப் போகும். தூசி படக்கூடாதே என்று வாங்கிய அன்றைக்குப் போட்ட பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்தது. அதற்கு மேல் சந்தனம், சந்தனத்துக்கு மேல் மாலை, மாலைக்குள் ஓர் எலுமிச்சம்பழம். காற்றுப் போகிற ஓட்டையிலெல்லாம் பொரி அடைத்துக்கொண்டிருந்தது. காடு முழுக்க ஒரே நேரத்தில் முகம் காட்ட முயன்றுகொண்டிருந்ததில் அந்தப் பாவப்பட்ட பெட்டி உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது. ஒரு பல்லி அதன் மேல் படுத்துக் குளிர் காய்ந்தது.

பொன்னுசாமி தொட்டுப் பார்த்தார். "ஐயையோ, காய்ச்சல் அடிக்குதே! குளிப்பாட்டணும்."

"தண்ணி படலாமாண்ணே இதுமேல?" என்றாள் சௌந்தரம்.

"சாமிக்கே அபிஷேகம் பண்றோம். இது என்ன சாமியைவிடப் பெருசா?"

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. வயர்களையெல்லாம் பிடுங்கினார்கள். பொன்னுசாமி ரௌட்டரைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டுபோய் ஓடையில் முக்கினார். வனஜா தேங்காய் நார் கொண்டுவந்தாள். சௌந்தரம் சோப்புக்காய் பொறுக்கிவந்தாள். மூன்று பேரும் சேர்ந்து தேய்த்தார்கள். நுரை பொங்கியது. சந்தனம் கரைந்தது, பொரி மிதந்தது, ரௌட்டரின் வயிற்றுக்குள்ளிருந்து 'களக் களக்' என்று சத்தம் வந்தது. கடைசியில் பளபளவென்று வெள்ளை வெளேரென ஆனது. அதற்கு மேல் அதில் ஒரு விளக்கும் எரியவில்லை.

அந்த நேரத்தில்தான் காட்டின் நாலா பக்கத்திலிருந்தும் ஓலம் கிளம்பியது. "ஐயோ, நெட்டு போச்சே!" என்று யானை பிளிறியது. "சிமிட்டிக்கிட்டே இருந்தேனே!" என்று ஆந்தை அலறியது. காட்டுப்பன்றி குடும்பத்தோடு திரைக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்தபடி உறைந்துபோயிருந்தது. குகைக்குள் சிங்கராஜாவும் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். ராஜா என்றால் கடைசி நிமிஷத்தில்தானே வருவார்? பிடரியை வாரி, மீசையை முறுக்கி, வலது கண்ணைச் சிமிட்டிவிட்டார். இடது கண்ணைச் சிமிட்டப் போகிற சமயத்தில் திரையில் மஞ்சள் முக்கோணம்.

மணி பன்னிரண்டு அடித்தது. குகையிலிருந்த பெட்டி தொண்டையைச் சரிசெய்துகொண்டது. அதன் ஒலிபெருக்கி காடு முழுக்கக் கேட்கும்.

"காட்டுவாசிகளின் கனிவான கவனத்திற்கு. இந்த வருடம் காலமானவர்கள்: சருகுமான் சௌந்தரம்."

சௌந்தரம் பொன்னுசாமியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தாமோதரன் இலையை விரித்தார். துண்டை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டார். "கஷ்டமாத்தான் இருக்கு தங்கச்சி" என்றார். உண்மையிலேயே அவர் கண்ணும் நாக்கும் ஈரமாக இருந்தன.

பெட்டி நிறுத்தவில்லை. "கரடி பொன்னுசாமி. மந்தி வனஜா. யானை. ஆந்தை. காட்டுப்பன்றி, மனைவி, மக்கள். கஸ்டமர் கேர் மைனா. மரங்கொத்தி."

தாமோதரன் சௌந்தரத்தைப் பார்த்தார், கரடியைப் பார்த்தார், தூரத்தில் தெரிந்த யானையைப் பார்த்தார். விரித்திருந்த ஒற்றை இலையைப் பார்த்தார். இதுவரைக்கும் எந்தக் கழுதைப்புலிக்கும் கிடைக்காத பாக்கியம் அவர் தலையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. "இலை பத்தாதே" என்று முணுமுணுத்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி ஓடிக் குதித்தார்.

"மாண்புமிகு சிங்கராஜா" என்றது பெட்டி.

சிங்கராஜா குகையிலிருந்து வெளியே ஓடி வந்தார். "யாரடா காலமானது? இதோ நிக்கறேன் பாரு!" என்று கர்ஜித்தார்.

தாமோதரன் துண்டைச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் போய்ப் பணிவாகக் குனிந்தார். "மகாராஜா, நல்ல ஆட்சி பண்ணினீங்க. உங்களை மாதிரி ஒருத்தர் இனிமே பொறக்கணும். கொஞ்சம் இப்படிப் படுத்துக்கறீங்களா?"

"நான் உயிரோட இருக்கேண்டா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க மகாராஜா. கேட்டா நம்ம சட்டம் என்னாகறது?"

சிங்கராஜா சுற்றிலும் பார்த்தார். சட்டம் போட்டது அவர்தான். பின்னால் புதருக்குள் இன்னும் சில கழுதைப்புலிகள் துண்டோடு எழுந்து நின்றன. வாழ்நாளில் முதல்முறையாக ராஜா ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"கடைசியாக," என்றது பெட்டி, "கழுதைப்புலி தாமோதரன் மற்றும் அவரது உற்றார் உறவினர்."

தாமோதரன் எட்டு வைத்த கால் அப்படியே அந்தரத்தில் நின்றது. "நானா?" என்றார். "என்ன அநியாயமா இருக்கு! காலையிலேருந்து இந்தம்மா வாசல்லயே உக்காந்திருந்தேன். அதுல முகம் காட்ட மறந்துபோச்சு. அதுக்காக?"

ஆலமரத்து உச்சியிலிருந்து இரண்டு கழுகுகள் அவரைப் புதிய அக்கறையோடு பார்த்தன. ஒன்று இன்னொன்றிடம் ஏதோ சொன்னது. இரண்டும் ஒரு கிளை கீழே இறங்கி உட்கார்ந்தன.

தாமோதரன் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார். "மகாராஜா! ஒரு பெட்டி சொன்னா ஆச்சா? மனசாட்சின்னு ஒண்ணு வேணாமா? தேதியைத் தள்ளிப்போடுங்க மகாராஜா!"

சிங்கராஜா குகைக்குள் பாய்ந்தார். பெட்டியின் வயரைப் பல்லால் கடித்து இழுத்தார். பெட்டி 'பொக்' என்றது. மறுபடியும் வயரைச் செருகினார். "வணக்கம்" என்றது பெட்டி. அதற்கு எதுவுமே நினைவில்லை.

"நான்தான் முதல்லேருந்து சொல்றேனே!" என்று பொன்னுசாமி ஓடையிலிருந்து கத்தினார்.

அன்று மாலை அரச அறிவிப்பு வந்தது. தொழில்நுட்பக் கோளாறு காரணமாகக் கடைசித் தேதி ஒரு மாதம் நீட்டிக்கப்படுகிறது என்றும், பொதுமக்கள் கடைசி நேரம்வரை காத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். இரண்டாவது வரியைக் கேட்டுக் காடே சிரித்தது. ராஜாவும் சிரித்தார். ஆலமரப் பொந்தில் புதிய ரௌட்டர் வைத்தார்கள். கவரைப் பிரிக்காமல் முதல் காரியமாகச் சந்தனம் வைத்தார்கள்.

ஒரு மாதம் ஓடியது. கடைசித் தேதியும் வந்தது. காலை முழுக்கக் காடெங்கும் லேப்டாப்புகளில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது, மஞ்சள் முக்கோணம் பூத்துக்கொண்டிருந்தது. சௌந்தரம் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. வெயிலில் படுத்து அசைபோட்டாள். பன்னிரண்டுக்கு அரைமணி இருக்கும்போது எழுந்து சோம்பல் முறித்தாள். தேங்காய் நாரையும் சோப்புக்காயையும் எடுத்துக்கொண்டு ஆலமரத்தைப் பார்த்து நடந்தாள். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத சௌந்தரத்தின் நடையில் அன்று ஒரு மிதப்பு இருந்தது.

அவளுக்குப் பின்னால், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு, தாமோதரன் நடந்தார். அவரும் இன்னும் முகம் காட்டியிருக்கவில்லை.

"மெதுவா போ தங்கச்சி" என்றார். "இந்தத் தடவை நல்லா அழுத்தித் தேய்ச்சுடுவோம்."

நீதி: உனக்கு மட்டும் நெட் போனால் நீ காலமானவன், ஊருக்கே போனால் அது தொழில்நுட்பக் கோளாறு. ஆகையால், அன்புக் குழந்தைகளே, தனியாக லேப்டாப்போடு மல்லுக்கட்டாமல் எல்லாருடைய ரௌட்டரையும் சுத்தமாகக் கழுவிவிடுங்கள்.